மூன்று வாரம்

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் இருபத்திரண்டு வருடம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கியவர் லூர்துநாதன். மாசி மாதத்தில் இடுப்பிலிருந்து கால்வரை வெட்டிய வலி, இருபது நாள் படுக்கவிடாமல் வதைத்துவிட்டுத் தானாகவே நின்றது. அந்தச் சந்தோஷத்தில் வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். வலது பாதம் மேலே எழ மறுத்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பு கழன்று விழுந்தால் சாக்குச் சணலால் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். வலிதான் நோய், அது போய்விட்டது, மிச்சம் அசதி என்றுதான் கமிட்டியில் எல்லோருமே சொன்னார்கள்.

லாரிக்கு ஏறும் பலகையில் மூட்டையோடு தடுக்கி விழுந்த அன்று மேஸ்திரி புகழேந்தி சணலைப் பார்த்துவிட்டார்.

"நீ கீழ குந்திக்கினு கோணி வாயத் தையேம்பா. பொம்பளைங்களுக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே லூர்துநாதன் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் கலைமதி, முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்றார். "கால் பலவீனமாகி எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு வாரம் இருக்கும்மா."

நாள் கூடச் சொன்னால் திட்டு விழும். அவருக்குத் தெரிந்த எல்லோருமே ஆஸ்பத்திரியில் குறைத்துத்தான் சொல்வார்கள்.

"அப்ப சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடலாம். காலுக்கு பலம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கு."

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நாள் நிம்மதியாகச் சாப்பிட்டார். பலகையில் தன் இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று புகழேந்திக்குச் சொல்லியனுப்பினார்.

ஆபரேஷனுக்குச் சேரப்போன அன்று டாக்டர் மறுபடி கேட்டார். "மூணு வாரந்தானே?" லூர்துநாதன் தலையாட்டினார். மனைவி சகாயசெல்வி குறுக்கே வந்தாள்.

"இல்லம்மா. மொட்ட போடறதுக்கு முன்னியே கால் தொங்கிப்போச்சி. பாருங்க, முடி வாருற அளவுக்கு வளந்துடுச்சி. அஞ்சு மாசம் ஆவுது."

"ஒன்ன யாரு கேட்டா?"

"முதுக அறுக்கறவங்கள்ட்டயே பொய் சொல்லுவியா?"

டாக்டர் பேனாவை மூடினார். "வலி நின்னா சரியாயிடுச்சுன்னு இல்ல. நரம்பு செத்துக்கிட்டு வந்தாலும் வலி நிக்கும். அஞ்சு மாசம்னா, ஆபரேஷன் பண்ணாலும் பாதம் தூக்கும்னு சொல்ல முடியாது. இன்னும் மோசமாகாம தடுக்கப் பார்க்கலாம். யோசிச்சு சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"வாய மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்ல?"

"இருந்திருந்தா நரம்பு முளைச்சிருக்குமா?"

தான் சொன்ன பொய்யை மூன்று நாளில் லூர்துநாதன் தானே நம்பியிருந்தார். அதைப் பிடுங்கியவள் பக்கத்தில் இருப்பதே எரிந்தது. முதுகைக் கிழிக்காமல் இப்படியே ஊருக்குப் போய்விடலாம் என்று எழப்பார்த்தார். பத்து நிமிடம் உட்கார்ந்ததற்கே இடது காலும் மரத்திருந்தது. அதைச் சகாயசெல்வியிடம்கூட அவர் சொன்னதில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"இந்த இடது காலும் ஒரு வாரமா மரத்துப்போவுதும்மா." உடனே திருத்தினார். "ஒரு மாசமா."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அறுத்துடுங்க" என்றார் லூர்துநாதன். "கோணி தைக்கவாச்சும் குந்தணும்."