தண்டபாணி பார்க்காத கடல்

தண்டபாணிக்கு மூலம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவர் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. தெலுங்கு நாட்டுத் தலைநகரத்தில், மாதாபூர்ப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிக்கிற உத்தியோகம். பத்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சேர்த்த சொத்துகளில் நாச்சாரத்து வீடு ஒன்று, இது இன்னொன்று. "காரம் வேண்டாம், சைக்கிள் கூடவே கூடாது" என்று தார்நாகா டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்படிப்பட்ட மனிதர் பல நாள் சைக்கிள் பயணத்துக்கு முதல் ஆளாகக் கை தூக்கினார் என்றால் காரணம் பயம்தான். 2009 ஜனவரி. அமெரிக்காவில் பாங்குகள் கவிழ்ந்ததில், இங்கே தினம் யாராவது ஒருவர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார். இவர்கள் குழுவிலும் ஆள் குறைப்பு உண்டு என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து மேனேஜர் வெங்கட்ரமணன், தன்னோடு சைக்கிளில் வர விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று மெயில் போட்டார். மூட்டையைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, ராஜமுந்திரியிலிருந்து கோதாவரிக் கரையோடு போய், கடற்கரையைப் பிடித்து, கடைசியில் மலையேறி லம்பசிங்கிப் புல்மேடு.

விருப்பமுள்ளவர்கள் என்ற சொல்லை ஒருவரும் நம்பவில்லை. "யாருக்கு ஸ்டாமினா இருக்குன்னு பாக்கறார்" என்றாள் பக்கத்து மேஜை சௌம்யா. கடைசியாக வருகிறவனுக்குச் சீட்டுக் கிழியும் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிவாகிவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். படித்தவனாக இருந்தால் பேய்க்குக் காரணமும் சேர்த்துச் சொல்வான், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் லலிதா சண்டைக்கு வந்தாள். இருவரும் உடுமலைப்பேட்டைப் பக்கம்.

"ஏனுங்க, டாக்டர் அத்தனை தூரஞ் சொன்னாருல்ல? முடியாதுன்னு சொல்றதுக்கென்னங்க?"

"எல்லாரும் போறாங்க புள்ள. நான் மட்டும் போகாட்டி நல்லாருக்காது."

வேலை போகலாம் என்பதை அவளிடம் சொல்லவில்லை. மகள் மஹதி அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். நாற்பத்தாறு வயதுக்காரரை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்? அந்த ஒரு கேள்வி ராத்திரி பகல் அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

லலிதா கோபத்தோடேயே இலவம்பஞ்சு அடைத்து ஒரு திண்டு தைத்தாள், நடுவில் ஓட்டை விட்டு. மருந்தையும் அதையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். "கடலு வருதாமே அந்த வழியில? நான் இன்னும் கடலே பாத்ததில்லைங்க. எனக்குஞ் சேத்துப் பாத்துட்டு வாங்க."

அந்தத் திண்டை சைக்கிள் சீட்டில் கட்டினால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். ஆகவே துணிப்பை பின்னால் கேரியரிலும், தண்டபாணி வெறும் சீட்டிலும் பயணம் போனார்கள்.

முதல் நாளே உயிர் போயிற்று. கோதாவரி அகலமாக ஓடுகிறது, படகு போகிறது என்று மற்றவர்கள் கத்தினார்கள். தண்டபாணி முன்னால் போகிற சௌம்யாவின் பின்சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சக்கரம் தூரமானால் தன் வேலையும் தூரமாகும் என்று மனசில் ஒரு கணக்கு. நிற்கிற இடமெல்லாம் வெங்கட்ரமணன் போட்டோ எடுத்தார். தண்டபாணி வலியை விழுங்கிக்கொண்டு முன்வரிசையில் போய் நின்று பல்லைக் காட்டினார்.

உமாசங்கர் ஒருவன்தான் எந்தப் போட்டோவிலும் இல்லை. அவன் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தான். அதே நகரத்துப் போலாரத்தில் பிறந்து வளர்ந்தவன், தண்டபாணிக்குப் பத்து வயது இளையவன். நாச்சாரத்தில் பம்ப் கம்பெனியில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்த காலத்தில், "கம்ப்யூட்டர் படிக்கலாம் வாங்க அண்ணா" என்று இவரை இழுத்துப் போனவன் அவன். தினம் சாயங்காலம் வகுப்புக்குப் போக இவரைக் கேரியரில் வைத்துத் தார்நாகா பஸ் ஸ்டாப் வரைக்கும் மிதித்தவனும் அவனே. இன்றைய சம்பளம், வீடு எல்லாமே அந்தக் கேரியரில் ஏறி வந்தவை.

"அண்ணா, எறங்குங்க, தண்ணி ஜில்லுன்னு இருக்கு. ஒரு விஷயமும் சொல்லணும்."

"அப்பறஞ் சொல்லுடா" என்று தண்டபாணி மிதித்தார்.

உப்பாடாவில் சாலையை ஒட்டியே கடல். அலை எழும்பிச் சாலையிலேயே விழுந்தது. தண்டபாணிக்குத் தார் ஈரமாக இருப்பதுதான் தெரிந்தது; வழுக்கிவிடக் கூடாதே என்று குனிந்தபடியே போனார். உமாசங்கர் சைக்கிளைக் கிடத்திவிட்டு, பேன்ட் நனைய அலைக்குள் நின்றான்.

"அண்ணா, வாங்க! அந்த விஷயம் இருக்குல்ல…"

"உனக்குப் பயமே கெடையாதாடா? கடேசீல வந்துட்டிருக்கற!"

"நக்கோ, வேணாம் அண்ணா, என்ன அவசரம்?" என்று சிரித்தான்.

பாவம், இவன் நிச்சயம் போகிறான் என்று தண்டபாணி நினைத்தார். அடுத்த நிமிஷமே இன்னொன்றும் தோன்றியது: இவன் கடைசி என்றால் நான் கடைசி இல்லை. அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டார். ஆனால் அந்த நினைப்பை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் மிதித்தார்.

மலையேறுகிற அன்று காலையில் ரத்தம் போயிற்று. யாரிடம் சொல்வது? கறுப்புப் பேன்ட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு வளைவிலும் கண் இருட்டியது. ஒரு வளைவில், அன்று விடியுமுன்பே கிளம்பிவிட்ட உமாசங்கர் செயின் கழன்ற சைக்கிளோடு தரையில் உட்கார்ந்திருந்தான். தண்டபாணி அவனைத் தாண்டினார்.

"அண்ணா! நில்லுங்க அண்ணா!"

காதில் நன்றாகவே விழுந்தது. இறங்கினால் மறுபடி ஏற உடம்பில் தெம்பு இல்லை. நின்றால் வேலை போகும், மஹதி படிப்பு போகும். இன்னொரு தரமும் கூப்பிட்டான். தண்டபாணி திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் இரண்டாவது ஆள். மரமே இல்லாத புல்வெளி, மேட்டுக்கு மேல் மேடாக, பனியும் காற்றுமாகக் கிடந்தது. வெங்கட்ரமணன் வந்து கையைக் குலுக்கினார். "தண்டபாணி, சைக்கிள்னா உங்களுக்கு இவ்ளோ ஆசையா? தெரியாமப் போச்சே! நீங்கள்லாம் வரேன்னதும் எனக்கே ஆச்சரியம். ரெண்டு பேர் வந்தா அதிகம்னு நெனச்சேன்."

தண்டபாணி கையை விடுவித்துக்கொண்டு சைக்கிள் பக்கம் போனார். உட்கார முடியாமல் மருந்துப் பையைத் தேடினார். கேரியரில் பை இல்லை.

எல்லோரும் டீ குடித்து முடித்த பிறகு உமாசங்கர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஹாண்டில்பாரில் லலிதாவின் துணிப்பை தொங்கியது.

"அந்த வளைவுலயே விழுந்துடுச்சு அண்ணா. அதுக்குத்தான் கூப்பிட்டேன். காதுல விழல போல."

தண்டபாணி பையை வாங்கிக்கொண்டார். "விழுந்துச்சுடா. நீ கூப்புட்டது விழுந்துச்சு. செயினுக்குக் கூப்புடறேன்னு நெனச்சு நிக்காம வந்துட்டேன். கடேசீல வந்தா வேலை போயிரும்னு…"

"வேலையா?" உமாசங்கர் அவரையே பார்த்தான். "அதுக்கா இப்படி மிதிச்சீங்க? அது கெளம்பறதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு அண்ணா. நம்ம டீம்ல வேலை போறது எனக்கு ஒருத்தனுக்குத்தான். மேலேருந்து பேர் வந்துச்சாம். சார் கூப்பிட்டுச் சொன்னதும் மொதல்ல உங்க பேர் இருக்கான்னுதான் கேட்டேன். இல்லன்னார். அதச் சொல்லத்தான் ஆத்துலேருந்து கூப்பிட்டுட்டே இருக்கேன்."

"அப்பறம் எதுக்குடா வந்தே?"

"கடல் பாத்ததில்ல அண்ணா. இனிமே எப்போ பாக்கறது?"

அப்போது போன் அடித்தது. லலிதா. "ஏனுங்க, உடம்பு எப்படீங்க இருக்குது? கடலப் பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

தண்டபாணி வாயைத் திறந்தார். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வந்தது ஒரு பின்சக்கரமும் ஈரத் தாரும்தான்.

"நான் பாக்கலை லலிதா" என்றார். "உமாசங்கர் பாத்தான். எல்லாத்தையும் அவன்தான் பாத்தான். அவங்கிட்டயே கேளு."

போனை அவனிடம் கொடுத்தார். பையிலிருந்து ஓட்டைத் திண்டை எடுத்து, சௌம்யாவும் வெங்கட்ரமணனும் பார்க்கப் பார்க்கப் புல்லில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"அண்ணி," என்று உமாசங்கர் தொடங்கினான், "மொதல்ல சத்தம்தான் வந்துச்சு. கடல் அப்பறந்தான் தெரிஞ்சுது…"

தண்டபாணி கண்ணைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.