முதல் நோன்பு திறந்த இடம்

சிதம்பரத்தில், பல்கலைக்கழகக் குடியிருப்பின் எங்கள் வரிசையில் நாங்கள் மட்டும்தான் முஸ்லிம்கள். வாப்பா மாணவர் விடுதிச் சமையற்கூடத்தில் ஸ்டோர் பார்த்தார். உம்மா பரங்கிப்பேட்டைக்காரி. தெரு முழுக்கச் சொந்தக்காரர்களோடு வளர்ந்தவள், பாங்கு சத்தம்கூட எட்டாத அந்த வீட்டில் கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், ரமலான் மார்கழிப் பனியில் வந்தது. விடியுமுன் விடுதியில் அடுப்பு மூட்டமாட்டார்கள். நோன்பு வைக்கும் மாணவர்கள் ஏழெட்டுப் பேர், முந்தின நாள் வாங்கிவைத்த பன்னையும் வாழைப்பழத்தையும் தின்றுவிட்டு வகுப்புக்குப் போனார்கள். ஒருவன் மயங்கி விழுந்ததும் வாப்பா வார்டன் முன்னால் போய் நின்றார். வார்டன் நல்ல மனிதர்.

"அடுப்ப எடுத்துக்குங்க பாய். ஆளு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

ஆகவே ஆளும் வாப்பாவே ஆனார். விடியுமுன் சஹருக்குச் சோறு, சாயங்காலம் நோன்பு திறக்கக் கஞ்சி. "தாய் தகப்பன வுட்டுட்டு வந்த புள்ளைங்க, போங்க" என்று உம்மாதான் அனுப்பிவைத்தாள். வீட்டில் இரண்டு வேளையும் உம்மாவும் நானும் மட்டும்.

எனக்கு எட்டு வயது. முதல் நோன்பு வைத்தேன். ஊரில் என்றால் மாமிகளும் சாச்சிகளும் தெருவையே கூட்டியிருப்பார்கள். இங்கே உம்மா தலைநிறையப் பூ வைத்துவிட்டாள், பார்க்கத்தான் ஆளில்லை. திறக்கும் நேரத்துக்கு வந்துவிடுவதாக வாப்பா சொல்லியிருந்தார். வரவில்லை.

உம்மா பேரீச்சம்பழத்தை வாயருகே நீட்டினாள். "வாப்பா வந்தாத்தான்" என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன். கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கடைசியில் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு என் கையைப் பிடித்தாள். தனியாகத் தெருவில் இறங்கியறியாதவள், சைக்கிளில் போகிறவர்களுக்கு முகத்தைத் திருப்பி ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள்.

விடுதிக்குள் பெண்கள் போகக் கூடாது. உம்மா வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு என்னை மட்டும் அனுப்பினாள். சமையற்கூடத்து பெஞ்சில், காய்ச்சலில் துவண்ட ஒரு மாணவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாப்பா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். மீசை வைத்தவன், "உம்மா, உம்மா" என்று அழுதான். அவ்வளவு பெரியவன் அழுவது எனக்கு வெட்கமாக இருந்தது.

என்னைக் கண்டதும் வாப்பா பதறி எழுந்துவந்தார். "மறந்தே போயிட்டேன் கண்ணு" என்று என் வாயில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார். பிறகு வெளியே வந்து மரத்தடியைப் பார்த்தார்.

"நீ நோன்பு தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேங்க. நீங்க அந்தப் புள்ளயப் பாருங்க" என்றாள் உம்மா.

அவர் திரும்பி ஓடினார். விடியற்காலையிலிருந்து உம்மாவின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை என்பது எனக்குத் தெரியும். வழியில் கேட்டேன்.

"நோன்போட பொய் சொல்லலாமா உம்மா?"

அவள் துப்பட்டியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பாவத்துக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்து, வீடு வரும்வரை அவளுக்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.