சுவிஸ் பெரியப்பாவின் விண்டோஸ் ஏழு

கொம்பியூட்டர் திருத்துகிற கடைக்கு வருகிற எவரும் கொம்பியூட்டர் பழுது என்று சொல்வதில்லை. நேற்றுவரை நன்றாக ஓடியது என்றுதான் சொல்வார்கள். கடை வைத்து வதைபடுகிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடைக்குள் இருந்துகொண்டு, அந்த நேற்று எந்த வருசத்து நேற்று என்று விசாரிப்பதிலேயே என் பாதி ஆயுள் போய்விட்டது.

வன்னிக்கு வரும் லப்டொப்புகளில் அரைவாசி, வெளிநாட்டில் உழைத்து ஓய்வுபெற்றவை. சுவிசிலும் கனடாவிலும் சொந்தக்காரர் புதுசு வாங்கும்போது, பழசு சூட்கேசுக்குள் உடுப்புகளுக்கு நடுவில் படுத்து இங்கே வந்து சேரும். வந்து இறங்கியதும் அது பழசு இல்லை, வெளிநாட்டுச் சாமான். அப்படி வந்த ஒன்றோடு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். வாசிக்கும்போது உங்களுக்கும் ஒன்று நினைவுக்கு வரும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளுக்குத் தொடாமல்

ஒரு திங்கட்கிழமை துணுக்காயிலிருந்து தகப்பனும் மகளும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். தகப்பன் சிவபாலன், வயல் செய்கிறவர். மகள் நிரோஜா, கணக்கியல் படித்து முடித்து வேலை தேடுகிறவள். இருவருக்கும் நடுவில் துவாயால் சுற்றிய லப்டொப். சிவபாலன் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஆம்பிளைகள் ஒருத்தரும் இல்லையோ என்று கேட்டார். கடையே நான்தான் என்றேன். ஏமாற்றத்தை மறைக்கப் பார்த்தார், முழுதாக முடியவில்லை.

விசயம் இதுதான். கொழும்பு நிறுவனம் ஒன்று கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கச் சனிக்கிழமை ஒன்லைனில் சோதினை வைக்கிறது. சோதினையையும் வீட்டிலிருந்துதான் எழுத வேண்டும், கிடைத்தால் வேலையையும் வீட்டிலிருந்து சொந்த லப்டொப்பில்தான் செய்ய வேண்டும். ஆகவே இரவல் சரிவராது. அவர்களுடைய மென்பொருள் விண்டோஸ் பத்துக்குக் கீழே எதிலும் ஓடாது. இதில் இருப்பதோ விண்டோஸ் ஏழு. சனிக்கிழமையைத் தவறவிட்டால் நிரோஜாவுக்கு அந்த வேலை இல்லை.

மெஷின் நல்ல மெஷின்தான். உள்ளே இருப்பதையெல்லாம் வேறாகப் பிரதி எடுத்துவிட்டு, அழித்து, புதிதாகப் போட்டால் தாராளமாக ஓடும் என்றேன். அழித்து என்ற சொல்லைக் கேட்டதும் சிவபாலன் லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது சுவிசில இருக்கிற அண்ணையின்ர சாமான், பிள்ளை. உள்ளுக்கு ஒண்டையும் தொடாதேங்கோ. விண்டோசை மட்டும் மாத்தித் தாங்கோ."

சுவிசில் இருக்கும் திறப்பு

ஒன்றையும் அழிக்காமல் பழசுக்கு மேலேயே புதுசைப் போடவும் வழி உண்டு. ஆனால் அதற்கு லப்டொப்பின் சொந்தக்காரர் கணக்கின் கடவுச்சொல் வேண்டும். திறந்து பார்த்தேன். திரையில் இரண்டு கணக்குகள். ஒன்று நிரோஜாவின் சுவிஸ் பெரியப்பாவின் பெயரில், பூட்டோடு. மற்றதன் பெயர் விருந்தாளி. தனக்குத் தந்த லப்டொப்புக்குள் நிரோஜா நாலு வருசமாக விருந்தாளியாகப் போய் விருந்தாளியாக வந்துகொண்டிருக்கிறாள். கடவுச்சொல்லைப் பெரியப்பா இன்றுவரை சொல்லவில்லை. பொருளைக் கொடுத்துவிட்டுத் திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்வது நம்முடைய வெளிநாட்டு உறவுகளின் தனிக்கலை. வீட்டுக் கிணறும் தண்ணீர்ப் பம்பும் அவர் உபயம் என்பதால் சிவபாலனும் வாய் திறப்பதில்லை.

பெரியப்பாவை வாட்ஸ்அப் வீடியோவில் எடுத்தோம். பெரியப்பா முதலில் லப்டொப்பைக் காட்டச் சொன்னார். மேல்மூடியைக் காட்டினோம், அடியைக் காட்டினோம். ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது, அது ஆர் போட்டது என்று விசாரணை நடந்தது. கடவுச்சொல்லைப் போனில் சொல்வது ஆபத்தாம். ஓகஸ்டில் திருவிழாவுக்கு வரும்போது தானே அடித்துத் திறந்து விடுவாராம். சோதினை இந்தச் சனிக்கிழமை என்று நான் குறுக்கே சொன்னேன். திருத்துகிற ஆள் நான்தான் என்று தெரிந்ததும் அவருடைய குரல் ஒரு மாடி ஏறிக்கொண்டது.

"தங்கச்சி, நான் பாவிக்கேக்க அதில ஒரு குறையும் இல்லை. உங்கட சூட்டுக்கும் தூசிக்கும்தான் அது இப்பிடி நிக்குது. கொஞ்சம் நிழலில வைச்சுப் பாருங்கோ."

பொட்டு வைத்த கமரா

அந்த நேரம் பார்த்து, அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி எடுக்க வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உங்கள் கடையிலும் இப்படி ஒருவர் இருப்பார்; எடுக்க வந்தது ஒரு பக்கம், எங்களுக்கு எடுப்பது ஒரு பாடவேளை. புது விண்டோஸ் வேவு பார்க்கிறதாம். அதனால் தன் வீட்டு லப்டொப்பின் கமராவில் மனைவியின் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறாராம். இவ்வளவையும், கையிலிருந்த போனில் முகநூலை விரலால் தள்ளிக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோதினையைக் கமரா போட்டுத்தான் எழுத வேண்டும் என்று நிரோஜா மெல்லச் சொன்னாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவபாலன் வாத்தியாருக்குத் தலையாட்டியபடி லப்டொப்பைத் துவாயில் சுற்றத் தொடங்கிவிட்டார். போகிற போக்கில் வாத்தியார் தீர்ப்பும் சொன்னார்.

"பழசெண்டால் நாங்கள் அதைப் பாக்கிறம். புதுசெண்டால் அது எங்களைப் பாக்கும். யோசிச்சுச் செய்யுங்கோ."

பெரியம்மா குறுக்கிட்டது

வெள்ளிக்கிழமை காலை நிரோஜா தனியாக பஸ்ஸில் வந்தாள். தகப்பன் வயலுக்குப் போன பிறகு, லப்டொப்பை வைத்துப் பூட்டியிருந்த அலுமாரியின் திறப்பைத் தாய் எடுத்துக் கொடுத்திருக்கிறா. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாளைக்குச் சிவபாலன் வந்து வாசலில் நின்று கத்தினால் சந்தை முழுக்கக் கேட்கும். பிறகு ஒருவரும் என்னிடம் சாமான் தர மாட்டார்கள். பெரியப்பாவிடம் கடைசியாக ஒருதரம் கேட்டுப் பார் என்றேன்.

எடுத்தாள். பெரியப்பா மறுபடியும் ஓகஸ்ட் என்றார். நிரோஜா மரியாதையாகத்தான் கேட்டாள், கடவுச்சொல் மறந்துபோய்விட்டதா என்று. பெரியப்பா இருமினார். நெட்வேர்க் சரியில்லை என்றார். நெட்வேர்க் அருமையாக இருந்தது. அவருக்குப் பின்னால் குசினியில் பெரியம்மா வெங்காயம் வெட்டுகிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. அந்தச் சத்தம் நின்றது. பெரியம்மாவின் முகம் திரைக்குள் வந்தது.

"அவருக்கு அது இங்க இருக்கேக்கயே மறந்துபோச்சு, பிள்ளை. கடைசி வருசம் அவரும் விருந்தாளியாத்தான் பாவிச்சவர். அதாலதானே நாங்கள் புதுசு வாங்கினனாங்கள்."

அழிக்கவா என்று கேட்ட இடம்

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நிரோஜா சிரிக்கவில்லை. ஒருவருக்குமே தெரியாத ஒரு கடவுச்சொல்லுக்கு நாலு வருசம் பணிந்து நடந்திருக்கிறாள். ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் சிரிப்பை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஹார்ட்டிஸ்கைக் கழற்றி என் மெஷினில் கொழுவினேன். உள்ளே முழுக்கப் போட்டோக்கள்: பனியில் ஒரு கார், காருக்கு முன்னால் பெரியப்பா, பெரியப்பாவுக்கு முன்னால் கேக். ஒன்று விடாமல் பிரதி எடுத்தேன். டிஸ்கைத் திரும்பப் பூட்டி, புது விண்டோஸ் இருந்த பென் டிரைவைச் செருகினேன். இதில் உள்ளது எல்லாம் போய்விடும், சம்மதமா என்று திரை கேட்கிற இடம் வந்தது. நாளுக்கு எத்தனையோ தடவை யோசிக்காமல் அமத்துகிற விசை அது. அன்றைக்கு என் விரல் போகவில்லை. நிரோஜா கதிரையை முன்னுக்கு இழுத்தாள்.

"விடுங்கோ அக்கா, நான் அமத்துறன். ஆரும் வந்து கேட்டால் நிரோஜாதான் அழிச்சவள் எண்டு சொல்லுங்கோ."

குடும்பக் குழு

பின்னேரம் புது விண்டோஸ் எழும்பிப் பெயர் கேட்டது. தன் பெயரை அடித்து, நான் பார்க்காமல் கடவுச்சொல்லும் வைத்தாள். அடுத்த நாள் சோதினை முடியும்வரை துணுக்காயில் கரண்ட் போகவில்லை, அது யார் செய்த புண்ணியமோ தெரியாது. சில நாளில் வேலையும் கிடைத்துவிட்டது.

சிவபாலன் கத்த வரவில்லை. ஒரு பை கச்சான் கடலையோடு மகளுக்குப் பின்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். நிரோஜா போனை நீட்டினாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அறிவித்திருந்தார்: அன்றைக்குத் தான் தூரநோக்கோடு கொடுத்த லப்டொப்பால்தான் இன்றைக்குப் பிள்ளைக்கு வேலை கிடைத்ததாம். கீழே லண்டன், கனடா, பிரான்சிலிருந்து கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நீ என்ன பதில் போட்டாய் என்று கேட்டேன்.

"நன்றி பெரியப்பா எண்டு போட்டனான், அக்கா. அது பொய்யில்லைத்தானே, அவர் தந்ததிலதான் நான் அழிக்கப் பழகினனான்."

வயது போன விண்டோஸ் இனித் தன்னால் முடியாது என்று திரையில் தானே எழுதிக் காட்டிவிடுகிறது. அந்த நாகரிகத்தை மனிதரிடமும் எதிர்பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலில் இத்தனை வருசம் ஏமாந்திருக்கிறேன்.