பௌதி அடித்த அடி

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழேதான் தண்ணீர் மோட்டார் இருக்கிறது. மழை விட்ட மறுநாள் காலை அங்கே அடி விழும் சத்தம் கேட்டு ஓடினேன். எதிர்வீட்டு வங்காளி அம்மா, நான் பௌதி, அதாவது அண்ணி என்று கூப்பிடுபவர், படியில் நின்றபடி கொசுவலை கட்டும் மரக்கட்டையால் என் கணவரின் கையை விளாசிக்கொண்டிருந்தார். மோட்டார் குழாயைப் பிடித்திருந்த அவரோ பல்லைக் கடித்தபடி பிடியை விடாமல் நின்றார்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. பௌதியின் கொண்டையைப் பிடித்து இழுத்தேன். கொத்தாக முடி கையோடு வந்தது. "கரண்ட், அவரைத் தொடாதே" என்று இந்தியில் கத்தியபடியே பௌதி இன்னும் ஓங்கி அடித்தார். மணிக்கட்டு முறிந்து, கை விடுபட்டு, என் கணவர் விழுந்தார்.

"உடனே கையை எடுத்திருக்கக் கூடாதா?" என்று ஆஸ்பத்திரியில் அவரைத் திட்டினேன். டாக்டர்தான் விளக்கினார். விரல்களை மடக்கும் தசைகள், விரிக்கும் தசைகளைவிட வலுவானவையாம். கரண்ட் பாய்ந்தால் எல்லாமே இறுகும். மடக்கும் தசைதான் ஜெயிக்கும். அவரே நினைத்தாலும் விட்டிருக்க முடியாதாம்.

மெயின் சுவிட்ச் எங்கே என்று அன்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. இப்போது அதை அணைக்காமல் மோட்டார் பக்கம் போவதில்லை. பௌதியின் கட்டையும் அங்கேயே சாத்தியிருக்கிறது.

பௌதிக்கு உச்சந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு இன்னும் முடி வளரவில்லை. ஞாயிறுதோறும் நான்தான் அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.