ஆறு வோல்ட் தாய்மாமன்

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னிடம் இரண்டு சைலன்சர் வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. பழங்காநத்தத்தில் எங்கள் தெருமுனையில் அது திரும்பும்போதே நாய்கள் எழுந்து வழிவிடும். அவ்வளவு பெரிய வண்டியின் உயிர், பக்கவாட்டு மூடிக்குள் டிபன் பாக்ஸ் அளவில் உட்கார்ந்திருந்த ஓர் ஆறு வோல்ட் பேட்டரியில் இருந்தது. பேட்டரி செத்தாலும் மிதித்தால் ஓடுகிற வண்டிகள் உண்டு. இது அந்தச் சாதி இல்லை. பேட்டரியில் தெம்பு குறைந்தால் பிளக்கில் பொறி வராது. முட்டி தேய மிதித்தாலும் ஒரு தும்மல் தும்மிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையை அதற்கென்று ஒதுக்கியிருந்தேன். முதலில் பேட்டரியைக் கழற்றி மணையில் வைப்பேன். முனைகளில் பூத்திருக்கும் பச்சைப் பூவை ஆப்பசோடா கரைத்த வெந்நீர் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன். துடைத்து, காயவைத்து, வாசலின் தடவுவேன். பிறகு மூன்று மூடிகளையும் வலமிருந்து இடமாகத் திறந்து, உள்ளே தண்ணீர் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்புவேன். இதற்கெனக் காய்ச்சி வடித்த தண்ணீரை இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் வாங்கி, "பேட்டரி நீர். பிறர் தொட வேண்டாம்" என்று எழுதி ஒட்டி, கூடத்து அலமாரியில் வைத்திருந்தேன்.

அம்மா இதையெல்லாம் வெற்றிலையை மென்றுகொண்டே பார்ப்பாள். "பெத்தவளுக்கு ஒரு மாத்திரை வாங்க மறந்துருவான். அதுக்குத் தண்ணி ஊத்த மறப்பானா?" என்று என் மனைவியிடம் கேட்பாள். மனைவி சிரிப்பாள்.

இவ்வளவு செய்தும் அந்த வண்டி என்னை ஒருமுறை கவிழ்த்தது. என் தங்கையைக் கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மூத்த மகனுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். நடுவழியில் பேட்டரி படுத்துவிட, நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் பாயசம் தீர்ந்திருந்தது. பிள்ளையை என் சித்தி மகன் மடியில் வைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான். எந்த விசேஷத்துக்கும் முதல் நாளே பஸ் ஏறிப் போய்ப் பந்தலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுகிறவன். தங்கை வீட்டுச் சுவரில் அந்தப் போட்டோவை மாட்டினார்கள். அதில் மடி அவனுடையது. நான் படத்திலேயே இல்லை.

இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தபோது தங்கை நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"அண்ணே, நல்ல நேரம் பத்தரையோட முடியுது. அதுக்குள்ள நீ வந்தா ஒன் மடி. இல்லன்னா தம்பி மடி ரெடியா இருக்கு. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

அம்மா இரண்டு நாள் முன்பே போய்விட்டாள். நான் முதல் நாள் மாலை முழுப் பராமரிப்பும் செய்தேன். கோடைக்காலம். மூன்று அறைகளிலும் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. பாட்டிலில் பாதியை உள்ளே விட்டேன். மீதியை வழியில் தேவைப்படும் என்று வண்டியின் பெட்டியில் வைத்துக்கொண்டேன். காலையில் இரண்டாவது மிதிக்கே வண்டி உறுமியது. மனைவி சீர்ப்பையுடன் பின்னால் உட்கார்ந்தாள். மேலூர் வரை ராஜநடை.

மேலூரில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மாலை வாங்க நிறுத்தினேன். வாங்கி வந்து மிதித்தேன். தும்மல்கூட வரவில்லை. ஹாரனை அழுத்தினால் கொசு பறக்கிற சத்தம். மூடியைக் கழற்றிப் பேட்டரியைத் தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி போலக் கொதித்தது. குனிந்து முகர்ந்தேன். நகராட்சி ஆட்கள் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டியதும் குழாயில் வருமே, அந்த வாடை. பேட்டரிக்குள் அந்த வாடைக்கு வேலையே இல்லை. சந்தேகம் வந்து, பெட்டியிலிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விரலில் எடுத்து நக்கினேன். உப்பு என்றால் உப்பு, கருவாட்டுப் பானையைக் கழுவிய உப்பு.

"அதுவா?" என்றாள் மனைவி. "அத்தை அதுல ராமேஸ்வரத்துத் தீர்த்தத்தை ஊத்தி வச்சிருந்தாகளே."

நின்ற இடத்திலேயே விசாரணை நடத்தினேன். உறவுக்காரர் ஒருவர் ராமேஸ்வரம் போய்வந்து, அம்மாவுக்குத் தீர்த்தத்தை ஒரு பழைய எண்ணெய் டின்னில் கொடுத்திருக்கிறார். எண்ணெய் டின்னில் தீர்த்தம் இருக்கலாமா? வீட்டில் சுத்தமான பாட்டில் எது? பிறர் தொடாத பாட்டில்தான். அதிலிருந்ததைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தீர்த்தத்தை நிரப்பி, அம்மா அதே அலமாரியில் வைத்துவிட்டாள். எல்லாம் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று மனைவியைக் கேட்டேன். நான் எழுதி ஒட்டிய பொருளைப் பற்றி யாரும் என்னிடம் பேசுவதில்லை என்றாள்.

தீர்த்தம் என்றாலும் கடல் தண்ணீர்தானே. ஒரே இரவில் பேட்டரியின் பாவமெல்லாம் கரைந்து அது மோட்சம் அடைந்துவிட்டது.

அந்த நேரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு தகராறு. ஒருவர் சாக்கில் கட்டிய பெரிய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறப் பார்க்கிறார். கண்டக்டர் விடவில்லை. போன வாரம் இப்படித்தான் ஒருவர் ஏற்றிய பேட்டரி ஒழுகி ஓர் அம்மாவின் சேலை ஓட்டையாகிவிட்டதாம்.

"அது ஏறும்போதே ஓட்டையாத்தான்யா இருந்துருக்கும்" என்றார் பேட்டரிக்காரர்.

கண்டக்டர் அவரை இறக்கிவிட்டு, என் மனைவியைப் பார்த்து வருகிறீர்களா என்றார். நானும் ஏறியிருக்கலாம், படியில் தொங்க இடமிருந்தது. ஆனால் ஏறினால் வண்டி தோற்றது என்றாகிவிடும். மனைவி சீர்ப்பையையும் மாலையையும் வாங்கிக்கொண்டாள்.

"வண்டியக் கட்டிக்கிட்டு இங்கயே இருங்க. நான் போயி, உங்க தம்பி மடியில பிள்ளை எப்புடி உக்காந்துருந்துச்சுன்னு பாத்து வந்து சொல்றேன்."

பஸ் போய்விட்டது. பேட்டரிக்காரரிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். அவர் மைக் செட் போடுகிறவர். ஒலிபெருக்கிக் குழாயும் பெட்டியும் நேற்றே மாட்டுவண்டியில் போய்விட்டன. சார்ஜுக்குக் கொடுத்த பேட்டரியை எடுக்க இவர் பின்தங்கிவிட்டார். போக வேண்டியது கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு. என் தங்கை வீட்டுக்கேதான்.

என்னிடம் வண்டி இருந்தது, பேட்டரி இல்லை. அவரிடம் பேட்டரி இருந்தது, வண்டி இல்லை. அவருடையது பன்னிரண்டு வோல்ட். அப்படியே கொடுத்தால் என் வண்டி எரிந்துவிடும். ஆனால் அந்தக் காலத்துப் பெரிய பேட்டரிகளின் தலையில் அறைகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். அறைக்கு இரண்டு வோல்ட் என்பதால் ஆறு அறைகளில் மூன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துக்கொண்டேன். அவரைப் பின்னால் உட்காரவைத்து, மடியில் சாக்கையும், அதன்மேல் பேட்டரியையும் வைத்து, மிதித்தேன். வண்டி உயிர்பெற்றது.

"அண்ணே, கம்பி கழண்டா சொல்லுங்க" என்றார் காதருகில்.

கழன்றால் நான் சொல்ல வேண்டியதில்லை, வண்டியே சொல்லும் என்றேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பேட்டரி என் இடுப்பில் இடித்தது. பின்புறம் ஜில்லென்று ஈரம் பட்டது. வியர்வை என்று எடுத்துக்கொண்டேன். நேரத்தின் மேலேயே கவனம்.

பந்தலுக்குள் நுழைந்தபோது சித்தி மகன் மணையில் சம்மணமிட்டிருந்தான். புதுத் துண்டுகூடப் போட்டிருந்தான். தங்கை மொட்டைத் தலைப் பிள்ளையோடு நின்றாள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிடா. அண்ணன் வந்துருச்சு" என்றாள் தங்கை.

அவன் எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு பிள்ளைக்குக் காது குத்தியிருக்கலாம். நான் உட்கார்ந்தேன். பிள்ளை என் மடிக்கு வந்தது. குத்தினார்கள், அலறியது, போட்டோ எடுத்தார்கள். அதற்குள் மைக் செட்டும் பேட்டரியோடு சேர்ந்து ஊரைக் கூட்டியது. அழுது ஓய்ந்த பிள்ளை என் மடியிலேயே தூங்கிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டார்கள். பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழ முயன்றேன். பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். வழியில் வியர்வை என்று நினைத்தது பேட்டரி ஆசிட். நனைந்த அப்பளம் போல வேட்டி கைவிட்டது. சரிகைக் கரை மட்டும் உறுதியாக இருந்தது. அதை வைத்து மறைக்கக் கூடியது எதுவும் இல்லை. திரும்ப உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். பசிக்கவில்லை என்றேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கையின் மாமனார் சொந்தக்காரர்கள் இரண்டு பேரோடு வந்து என் எதிரில் நின்றார்.

"தம்பி, மனசுல ஏதும் கொறையிருந்தா வாயத் தொறந்து சொல்லிரணும். இப்புடி உக்காந்துக்கிட்டா நாங்க என்னன்னு எடுத்துக்கிறது?"

தாய்மாமன் முறுக்கிக்கொண்டு எழாமல் உட்காருவது எங்கள் பக்கம் நடக்காத காரியமல்ல. சித்தி மகனை முதலில் உட்காரவைத்ததில் எனக்குக் கோபம் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். தங்கையின் கண்ணில் தண்ணீர். மனைவி அருகில் வந்து குனிந்தாள். விஷயத்தைக் காதில் சொன்னேன். முகத்தில் ஒரு கோடு அசையாமல் நிமிர்ந்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. ஒரு வேட்டி துண்டு வச்சு முறையாக் கூப்புட்டா எந்திரிச்சிருவாக."

தாம்பாளத்தில் வேட்டியும் துண்டும் வந்தன. உட்கார்ந்தபடியே கம்பீரமாக வாங்கி, உட்கார்ந்தபடியே சுற்றிக்கொண்டு எழுந்தேன். போட்டோக்காரர் அதையும் எடுத்தார்.

சாப்பிடும்போது அம்மாவிடம் தீர்த்தத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அத ஊத்துனதாலதான்டா மேலூர் வரைக்குமாவது வந்துச்சு" என்றாள்.

வேட்டி வாங்காமல் எழுந்திருக்காத தாய்மாமன் என்று எனக்கு அங்கே பெயர் நிலைத்துவிட்டது. சித்தி மகன் அதைப் போகிற இடமெல்லாம் சொன்னான். மூன்றாவது பிள்ளையின் காதுகுத்தில், மணையில் உட்காருவதற்கு முன்பே வேட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் பஸ்ஸில் போயிருந்தேன்.