நடுவில் விட்ட நாற்பது அடி

காலை ஆறேகால் மணி. பதினோரு தவறிய அழைப்புகள். பதினொன்றும் செல்லத்துரை அண்ணாச்சி. நடுவில் விட்ட இடத்தை அடைக்க ஏதோ புது யோசனை வந்திருக்கும்.

எங்கள் தொழிலில் கட்டுவது பாதி வேலை. திறந்து விட்டதை யாரும் அடைத்துவிடாமல் காவல் காப்பது மீதிப் பாதி. கட்டடம் வரைந்து பிழைக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வீடாவது கட்டி அனுபவித்தவர்களுக்கும் புரியும்.

அண்ணாச்சி தென்காசியில் மர வியாபாரம் செய்பவர். குற்றாலம் போகும் வழியில், ஒரு குளத்தின் வடகரையில், மூவாயிரம் பேர் உட்காரும் மாநாட்டு மையம் கட்ட ஆறு பேர் பங்கு சேர்ந்தார்கள். அவர் தலைவர். நான் வரைந்தவன். ஆர்க்கிடெக்ட் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் "இன்ஜினியர் தம்பி"தான்.

கட்டடத்தை இரண்டு அரங்குகளாகப் பிரித்து, ஒரே கூரை போட்டு, நடுவில் மேற்கிலிருந்து கிழக்கே போகும்படி நாற்பது அடி அகலத்தில் வழி விட்டிருந்தேன். ஆனி மாதம் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அதன் வழியே நுழைந்து இரண்டு அரங்குகளையும் குளிர்விக்கும். ஏசி பாதி போதும். ஐப்பசியில் குளம் நிரம்பி மறுகால் பாயும்போது, மிஞ்சிய தண்ணீர் காலங்காலமாக அந்த நிலத்தில்தான் குறுக்கே ஓடும். அந்த ஓடை எந்தக் காகிதத்திலும் இல்லை. மழை பெய்தால் தரையில் இருக்கும். அதை மறித்தால் தண்ணீர் பக்கவாட்டில் திரும்பிக் கீழே உள்ள வயல்களை அறுத்துக்கொண்டு போகும். இதையெல்லாம் சொன்னபோது அண்ணாச்சி ஒரே அமர்வில் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டு, ஒப்புக்கொண்டதிலிருந்து பின்வாங்குவதையே வேலையாக வைத்திருந்தார்.

வருடம் முழுக்கத் தண்ணீர்

பங்குதாரர்களுக்குக் காட்டக் கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்யக் கொடுத்திருந்தேன். படம் செய்தவர்கள் சென்னைக்காரர்கள். குளத்துக்குக் கடல் நீலம் அடித்து, இரண்டு அன்னப்பறவைகளை மிதக்க விட்டு, கரையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைக் கைகோத்து நிற்க வைத்திருந்தார்கள். அன்று சித்திரை மாதம். சைட் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அதே குளத்தின் நடுவில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அண்ணாச்சி படத்தையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மழைக்காலம், கோடைக்காலம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, இந்தக் குளம் எங்கன இருக்குன்னு சொல்லுங்க. இடத்தை அங்கனயே வாங்கிருவோம்."

சுடாத கல்

சுவர்களுக்கு, நிலத்தில் தோண்டிய மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, அழுத்தி எடுத்த சுடாத கல்லைப் பரிந்துரைத்தேன். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், லாரி வேண்டாம். வெயிலையும் உள்ளே விடாது. மாதிரிக்கு ஒரு சுவர் கட்டி, அதன் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். கரையவில்லை. அண்ணாச்சி சுவரைத் தட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவரை மிகவும் வருத்தியது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"எங்கய்யா மண் சுவர் வீட்டுல இருக்க முடியாமத்தான் தென்காசிக்கு வந்தாரு. நான் அம்பது வருசம் ஓடியாடி, திரும்ப அதுக்குள்ளயே போய் உக்காரணும்ங்கீய."

திங்கட்கிழமை ஆய்வு

கட்டடத்துக்குக் கிழக்கே, பள்ளத்தில், சுடலைமுத்து என்பவருக்கு இரண்டு ஏக்கர் வயல். அவருடைய முழுச் சொத்தும் அதுதான். அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து திங்கட்கிழமை தோறும் மொபெட்டில் வருவார். வணக்கம் கிடையாது. நடுவழியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் காலடி வைத்து எண்ணிக்கொண்டே நடப்பார். சுவர் இன்னும் எழும்பவில்லை, கயிறுதான் கட்டியிருக்கிறது என்றாலும் நடப்பார். ஒருமுறை ஒரு காலடி குறைந்துவிட்டது. டேப்பைக் கொண்டுவரச் சொல்லி, நானும் அவரும் ஆளுக்கொரு முனை பிடித்து அளந்தோம். நாற்பது சரியாக இருந்தது. அன்று புதுச் செருப்பு போட்டிருந்தார்.

வரைபடத்தை விரித்து, வழி எங்கே, மட்டம் எவ்வளவு, தண்ணீர் எப்படிப் போகும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மொபெட்டை மிதித்தார்.

"படத்துல விட்டுட்டீய, சரி. நாளைக்கு அண்ணாச்சி அடைச்சுட்டாருன்னா, தண்ணிக்கு இந்தப் படத்தையா காட்டுவேன்?"

பிள்ளையார் வருகிறார்

அவர் பயந்ததில் தவறில்லை. நடுவழியை என்ன செய்யலாம் என்று அண்ணாச்சி வாரம் ஒரு யோசனையோடு வந்தார். முதலில் முக்கியப் புள்ளிகள் உட்கார ஓர் அறை. அடுத்து நகைக்கடைக்கு வாடகை. அடுத்து ஐஸ்கிரீம் பார்லர். ஒவ்வொன்றையும் மட்டக் கணக்கும் மழைக் கணக்கும் காட்டித் தடுத்தேன். பிறகு அவருடைய மைத்துனர் ஒரு யோசனை சொன்னார்: நடுவழியின் நட்டநடுவில் ஒரு பிள்ளையார் கோயில்.

நகைக்கடையை வேண்டாம் என்று சொல்லலாம். பிள்ளையாரை எப்படிச் சொல்வது? ஒருமுறை வைத்துவிட்டால் முன்னால் ஒரு மண்டபம் வரும், சுற்றிலும் பிரகாரம் வரும், தண்ணீர் வர இடம் இருக்காது. நான் வரைபடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் சைட் இன்ஜினியர் மேரி கிரேஸ் குறுக்கிட்டார். சிவகிரிக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவற விடாதவர். வாசலுக்கு வலப்பக்கம் மேடாக இருந்த இடத்தைக் காட்டி, பிள்ளையாருக்கு அதுதான் பொருத்தம் என்றார். ஏன் என்று மைத்துனர் கேட்டார். மேரி கிரேஸ் அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணாச்சி, சதுர்த்தி முடிஞ்சு ஒருநாள்தான் அவரைத் தண்ணிக்குள்ள விடுவாவ. நீங்க ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் விடணும்ங்கீய."

ஆட்டோக்காரர் கருத்து

ஒருநாள் என் கார் பழுதாகிவிட்டது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தேன். நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. குளத்தங்கரையில் புதிதாக வரும் மையம் என்றதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"நடுவுல ஓட்டையை வச்சுக் கட்டுதாவளே, அதுவா? அடுத்த மழைக்கு நிக்காதுன்னு பேசிக்கிடுதாவ. நல்ல வேளை, இப்பவே பாக்க வந்தீய."

விளக்கும் இலையும்

இனி என் தவறு. மறைத்துப் பயனில்லை.

வேலை முக்கால்வாசி முடிந்த நிலையில், ஆனி மாதம், அண்ணாச்சி தன் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தை அங்கேயே வைத்தார். காற்று நான் வரைந்தபடியே வந்தது. அம்புக்குறி போட்ட இடத்தில் எல்லாம் நுழைந்தது. முதலில் குத்துவிளக்கை அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை நான்கு பேர் வேட்டியை விரித்துச் சுற்றி நின்றார்கள். பெண்ணின் தாயார் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாப்பாட்டு அரங்கில் நிலைமை இன்னும் மோசம். வாழை இலைகள் வரிசையாக எழுந்து நின்றன. அப்பளங்கள் பறந்தன. ஒவ்வொருவரும் இடது கையால் இலையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருட அனுபவம் எனக்கு. பன்னிரண்டு மாதக் காற்றையும் கணக்கிட்டிருந்தேன். காற்று வருகிற இடத்தில் விளக்கு இருக்கும், இலை இருக்கும் என்பதை மட்டும் மறந்திருந்தேன். குளிர்பதன அரங்குகளையே பார்த்துப் பழகியவன் செய்கிற தவறு.

அன்று சாயங்காலமே பங்குதாரர்கள் கூடி, நடுவழியை இரு முனையிலும் சுவர் வைத்து அடைப்பது என்று முடிவு செய்தார்கள். மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். மேடையைத் திருப்பி மேற்குக்கு முதுகு காட்ட வைத்தோம். அரங்குகள் நடுவழியைப் பார்க்கும் பக்கம் முழுக்க, ஆள் கழுத்து உயரத்துக்கு மரப்பலகை அடித்து, அதற்கு மேலே மட்டும் திறந்து விட்டோம். காற்று தலைக்கு மேல் போகும், இலைக்கு வராது. பலகை முழுவதும் அண்ணாச்சி கடை மரம் என்பதால் எதிர்ப்பு குறைவாக இருந்தது. சோதித்துப் பார்க்க, நிச்சயதார்த்தத்துக்குச் சமைத்த மாஸ்டர் பாண்டியை அழைத்து, இலை போட்டுப் பரிமாறச் சொன்னோம். விளக்கும் நின்றது, இலையும் நின்றது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இப்ப பரவால்ல சார். அன்னைக்கு ஒரு இலைக்கு ரசம் ஊத்துனேன், மூணாவது இலைக்காரர் வேண்டாம்னு கையைக் காட்டுதாரு."

ஐப்பசி

திறப்பு விழா ஆவணியில் முடிந்தது. ஐப்பசியில் ஒரு முகூர்த்தத்தன்று, முந்தின நாளே பிடித்த மழை விடவில்லை. காலை ஏழு மணிக்கு மறுகால் பொங்கி, நடுவழியில் தண்ணீர் வந்தது. எட்டு மணிக்கு முழங்கால் அளவு. வடக்கு அரங்கில் தாலி கட்டு, தெற்கு அரங்கில் பந்தி. இரண்டுக்கும் நடுவே, தண்ணீருக்கு மேலே, ஆறடி அகலத்தில் பாலம் போட்டிருந்தேன். பாலத்தில் ஒருவர்கூடப் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும், சேலையைக் கையில் பிடித்துக்கொண்டும், செல்போனில் படம் எடுத்துக்கொண்டும் எல்லாரும் தண்ணீரிலேயே இறங்கி நடந்தார்கள். அண்ணாச்சி முழங்கால் தண்ணீரில் நின்று மாப்பிள்ளையின் அப்பாவிடம், இந்த வழியை விடச் சொன்னதே தான்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கிழக்கே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. குடையோடு போனேன். தண்ணீர் நடுவழியைத் தாண்டி, விரிந்து, வேகம் தணிந்து, வயல்களுக்கு அந்தப் பக்கம் உள்ள வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. சுடலைமுத்து தன் வரப்பில், தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நின்றார். நெல் நின்றது. வரப்பும் உடையவில்லை. ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பக்கத்தில் போய் நின்றேன். நல்லதாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், மனிதன்தானே.

"நாப்பது காணாது. அம்பதா விட்டிருக்கலாம்."

மாசி நாலாம் தேதி, குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது, அந்த நாற்பது அடிக்கு இரண்டு பக்கமும் தள்ளுகதவுக் கண்ணாடி போட்டு மூட எவ்வளவு செலவாகும் என்று கேட்டு அண்ணாச்சி எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினார்.