அக்காவின் ரத்தமும் ஒரு ஜீனும்

அந்த ஜீனுக்கு ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. சில எழுத்துகளும் ஓர் எண்ணும்தான். உலகத்தில் அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரையும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அதை அடக்கினால் சிறுநீரகம் தழும்பேறிக் கெடுவது நிற்குமா, ரத்தத்தில் அதன் புரதத்தை அளந்து அந்த நோயை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்த்துச் சொல்வது சென்னையில் என் வேலை. அதே நோய் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலேயே, என் அக்காவுக்கு இருந்தது.

எனக்கு எங்கேயும் நிலைகொள்ளவில்லை. பஸ்ஸில் காலை ஆட்டிக்கொண்டே வருவேன், பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார். வீட்டுக்கு வந்தால் அக்கா புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீங்கிய காலை என் பக்கம் நீட்டி, கட்டைவிரலால் அழுத்தி, விழுந்த குழியைக் காட்டுவாள். தினமும் இது நடக்கும்.

"பாத்துக்கோ, உன் ஆபீசுல போய்ச் சொல்லு. இன்னாடி சொல்லுது உன் ஜீனு?"

"பாத்துக்கினு இருக்கோம்கா. சரின்னு வந்தாலும் மருந்தாவறதுக்கு வருசக்கணக்குல ஆவும்."

"தெரியும்டி. அது வர்ற வரைக்கும் இருக்கணும்னு எனக்கு ஒரு சாக்கு வேணாமா?"

முதல் முடிவு வந்த அன்று ஆபீஸே சிரித்தது. நோயாளிகளின் ரத்தத்தில் அந்தப் புரதம் எக்கச்சக்கம், நல்ல உடம்புக்காரர்களிடம் கொஞ்சம்தான். இனிப்பு வாங்கினார்கள். எனக்குச் சந்தேகமாக இருந்தது. இத்தனை அழகாக எதுவும் வந்து எனக்குப் பழக்கமில்லை.

பட்டு நெய்யும் எங்கள் ஊரில் டியூப் லைட்டில் பார்த்து யாரும் நிறத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. அந்தப் பழக்கத்தில், ரத்தத்திலிருந்து பிரித்த நீர் இருந்த குழாய்களை ஜன்னலோரம் கொண்டுபோனேன். நல்ல உடம்புக்காரர்களுடையது வெளிர் மஞ்சள். நோயாளிகளுடையதில் பாதிக்கு மேல் லேசான ரோஸ் ஓடியது. விளக்கடியில் அது தெரியவே இல்லை.

ரோஸ் ஓடினால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம். அந்த அணுக்களுக்குள் எங்கள் புரதம் எப்போதுமே நிறைய உண்டு. விசாரித்தால் விஷயம் சப்பென்று இருந்தது. நோயாளிகளின் ரத்தம் காஞ்சிபுரத்தில் ஒரு கிளினிக்கில் மாலையில் எடுத்தது, மறுநாள்தான் சென்னைக்கு வரும், அதற்குள் அணுக்கள் உடையத் தொடங்கிவிடும். நல்ல உடம்புக்காரர்கள் என்பது ஆபீஸில் வேலை செய்யும் நாங்கள்தான். சீட்டை விட்டு எழுந்து கையை நீட்டுவோம், உடனே இயந்திரத்தில் சுழற்றி நீரைப் பிரித்துவிடுவார்கள். நாங்கள் அளந்தது நோயையே அல்ல, ரத்தம் காத்திருந்த நேரத்தை. கண்டுபிடித்ததற்காக எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கு அது கசந்தது.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள், இந்த முறை எல்லாருடையதையும் எடுத்த இடத்திலேயே சுழற்றினார்கள். முதல் தடவை கொடுத்தவர்களில் அக்காவும் ஒருத்தி. இரண்டாம் தடவையும், நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவளைப் போலக் கிளம்பிப் போனாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வித்தியாசம் எதுவும் வரவில்லை. செல்களில் அந்த ஜீனை அடக்கிப் பார்த்த சோதனையிலும் ஒன்றும் அசையவில்லை. அதைக் கைவிடலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"எல்லாருக்கும் ஒரே அளவுதான்கா இருக்குது. ஜீன விட்டுரலாம்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

அக்கா குஞ்சத்தை முடிந்து, நூலைக் கடித்து அறுத்தாள்.

"அப்போ என் ரத்தமும் உன் ரத்தமும் ஒண்ணுதான்னு எழுதிட்டே?"

"ஆமாக்கா."

"நல்லதாத்தானே எழுதியிருக்குற. அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு நிக்கிற? போய்க் கால் கழுவிக்கினு வா, சாப்பிடலாம்."

புரியாமல் பேசுகிறவள் இல்லை அவள். எனக்காகப் பேசினாள். கால் கழுவிக்கொண்டு வந்து, தினமும் போல அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வீங்கிய காலை மெல்ல இழுத்துப் புடவைக்குள் மூடிக்கொண்டாள்.